மஞ்சள் பலகைகளைத் தேடித் திருத்தணிக்கு

கடலில் விட்ட பலகையைத் தேடிக்கொண்டு மலை ஏறிய பைத்தியக்காரி இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏறவைத்தவர் என் அதிகாரி. இந்தக் கட்டுரை முழுக்க அவரை ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். அச்சில் வருகிறதே என்பதற்காக அந்த மரியாதை. மனதுக்குள் நான் வைத்திருக்கும் மரியாதை வேறு.

எழுபதுகளில் சென்னையில் கடலைப் பற்றி ஆராயும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அப்போது எண்ணூருக்கு வடக்கே கடலோரத்தில் ஓர் ஆலை வருவதாக இருந்தது. அதன் கழிவு நீரைக் குழாய் போட்டுக் கடலுக்குள் விடுவார்கள். விட்டால் அது எங்கே போகும்? ஆழத்துக்குப் போய்க் கரைந்துவிடுமா, திரும்பிக் கரைக்கே வந்து சேருமா? அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை எங்களிடம் வந்தது.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழாயின் வாய் எங்கே வரப்போகிறதோ அந்த இடத்தில் எண் போட்ட மரப்பலகைகளை மிதக்கவிட வேண்டும். பலகை போகிற வழிதான் கழிவு போகிற வழி. கரையோரக் குப்பங்களில் யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் எடுத்து வைத்து, எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது என்று சொன்னால் போதும். சம்பளத்துக்கு ஆள் போட்டு அத்தனை கரையையும் காவல் காக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது. பிறந்ததிலிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் மனது வைத்தால் முடியும். அவர்களை மனது வைக்கச் செய்வதுதான் என் வேலை.

குப்பம் குப்பமாக நடந்தேன். கையில் மாதிரிக்கு ஒரு பலகை. வெள்ளை பூசி, கறுப்பில் எண் எழுதியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற பொம்பளை என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். குழாய் வரப்போகும் இடத்துக்கு எதிரே இருந்த குப்பத்தில்தான் அஞ்சலை பழக்கமானாள். கூடையில் மீன் சுமந்து விற்கிறவள், நாற்பது வயதிருக்கும். அவள் தம்பி தேசப்பன் கட்டுமரக்காரன். பலகைகளை நாங்களே பாய் விரித்துப் போய் விட்டுவிட்டு வருகிறோம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் பார்த்துச் சொல்கிறோம் என்றான் அவன்.

ஆசையோடு போய் அதிகாரியிடம் சொன்னேன். படிக்காதவன் விட்ட பலகையை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் வேறொரு குப்பத்துக்குப் போயிருந்த நாளில் அவரே மோட்டார் படகில் போய் விட்டுவிட்டு வந்தார். விடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். வெள்ளை தூரத்துக்குத் தெரியாது என்று சொல்லிப் பலகைகளுக்கு மஞ்சள் பூசச் சொன்னார். எண்ணைச் சிவப்பில் எழுதச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடும்.

அதன்பிறகு நான் அந்தக் குப்பத்துக்கு எத்தனை முறை போனாலும் அஞ்சலை ஒரே பதிலைத்தான் சொன்னாள். வெள்ளைப் பலகை ஒன்றுகூட வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அதிகாரி அதை வைத்துக்கொண்டு, இந்தக் கரைக்கு எதுவும் வந்து சேரவில்லை, குழாய் போடத் தடையில்லை என்று அறிக்கையை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அது மேலே போய்விடும். போன பிறகு யார் கத்தியும் பிரயோசனமில்லை.

அந்த வாரத்தில்தான் எதையோ எடுக்க ஸ்டோருக்குள் போனவள், மூலையில் மிச்சம் கிடந்த பலகையைப் பார்த்தேன். மஞ்சள். நடுவில் சிவப்பு. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குப்பத்துக்கு ஓடினேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் மஞ்சள் பலகை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். ஓ, நிறைய வந்ததே, எல்லாம் திருத்தணிக்குப் போகிறது என்றார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். நடுக்கடலில் காற்றில் மாட்டிக்கொண்டவன், உயிர் பிழைத்தால் போதும் என்று முருகனை வேண்டிக்கொண்டு ஒரு கட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துத் தண்ணீரில் விடுவான். அது எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ, அந்தக் கரைக்காரர்கள் அதைக் காவடியில் கட்டி, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி கொண்டுபோய் முருகனுக்குக் காட்ட வேண்டும். யார் வேண்டுதல் என்று கேட்கக் கூடாது. விட்டவன் உயிரோடிருக்கிறானா என்றுகூடக் கேட்கக் கூடாது. சாமி பார்த்த பிறகு அது பிரசாதம். தரையில் வைக்காமல் யார் கையிலாவது கொடுத்துவிட வேண்டும். வழக்கமாக மலையடியில் கல் கூட்டிச் சமைக்கிற பரதேசிகள்தான் வாங்கிக்கொள்வார்களாம். விறகுக்கு ஆகும்.

மஞ்சள் பூசி, நடுவில் சிவப்பு வைத்து, கடலில் விட்டால் அந்த ஜனங்கள் வேறு என்னவென்று நினைப்பார்கள்? உப்புத் தண்ணீரில் ஊறிய சிவப்பு எண், குங்குமத் தீற்றல் மாதிரித்தான் இருந்திருக்கும்.

திரும்பி வந்து அதிகாரியிடம் சொன்னேன். சிரித்தார். எனக்கு வாழ்க்கையில் மறக்காத சிரிப்பு என்று ஒன்று உண்டென்றால் அதுதான். “வரலேன்னு நான் சொல்லலையேம்மா. என் கைக்கு வரட்டும். நீ கொண்டாந்தா, ஸ்டோர்லேருந்து எடுத்துட்டு வந்தேன்னு பேச்சு வரும். கண்டெடுத்தவங்களே என் கையில கொடுக்கட்டும், எழுதறேன்” என்றார். அந்த ஜனங்கள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது, மீன் நாற்றம் என்று கேட்டிலேயே வாட்ச்மேன் விரட்டியது அவருக்கும் தெரியும்.

அவரும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிதான் போகிறார். முருகன் அவருக்குக் குலதெய்வம், வருஷா வருஷம் போகிறவர். ஆபீஸ் ஜீப்பில் எனக்கும் ஒரு இடம் கேட்டேன். குடும்பத்தோடு போகிறேன், இடமில்லையம்மா என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஏறிய பஸ்ஸில் மூச்சு விடுவதற்கே சண்டை போட வேண்டியிருந்தது. காவடி, பால் குடம், மஞ்சள் வேட்டி, விபூதி வாசனை. நான் திருச்செந்தூர்ப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் முருகன் கடற்கரையிலேயே இருக்கிறான். காலை நனைத்துக்கொண்டு நேரே போய்க் கும்பிட்டுவிடலாம். கடலில் வாழ்கிற ஜனங்கள் கும்பிடுகிற முருகன் எதற்காக இத்தனை தூரம் தள்ளி வந்து, சொட்டுக் காற்று இல்லாத இடத்தில், மலை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், சூரனை வதைத்த பிறகு முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் அது, அங்கே போனால் எப்பேர்ப்பட்ட கோபமும் தணியும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

கனகம்மாசத்திரத்தில் பஸ் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி, என்ஜினை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கண்டக்டரைக் கேட்டதற்கு, ஆங், ஆயிடும் என்றார். ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டோரத்தில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணின் கடலையில் ஒரு தித்திப்பு உண்டு, அதை மட்டும் குறை சொல்லமாட்டேன். புளியமரத்தடியில் உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் ஆபீஸ் ஜீப் போயிற்று. முன்னால் அதிகாரி. பின்னால் அவர் மனைவி, பக்கத்தில் ஒரு தூக்குச் சட்டி, ஒரு கூடை. மிச்ச இடம் காலியாகத்தான் இருந்தது. வாயில் இருந்த கடலை கசந்துவிட்டது.

அதே மரத்தடியில் பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் லுங்கி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தறி போட்டிருக்கிறவர், சென்னைக்குச் சரக்குக் கொண்டுபோய் விற்று, மிச்சத்தோடு திரும்புகிறார். அவர் மனைவி தெலுங்கில் அவரிடம் சொன்னாள்: “பாவா, அந்தப் பொம்பளை மூஞ்சியைப் பார். யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாள்.” பழவேற்காட்டுப் பக்கம் அலைந்ததில் எனக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும். ஆமாம், அடிக்கத்தான் போகிறேன் என்று தெலுங்கிலேயே சொன்னேன். அந்த அம்மாள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த அம்மாளே, அடிக்கிறதென்றால் தெம்பு வேண்டும் என்று சொல்லி ஒரு உருண்டை புளிச்சோறு எடுத்துக் கொடுத்தாள். கடலோரத்து ஜனங்கள் எல்லாம் மலையடியில் சரவணப் பொய்கைக் கரையில்தான் இறங்குவார்கள், அங்கே போய்ப் பார் என்று அவர் வழியும் சொன்னார். அன்றைக்கு நான் கோபப்படாமல் பேசிய ஆட்கள் அந்த இரண்டு பேர்தான்.

திருத்தணி போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊரே மஞ்சளாக இருந்தது. முதலில் பையை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஒரு லாட்ஜுக்குப் போனேன். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். தனிப் பொம்பளைக்கு ரூம் கொடுக்கிறதில்லை என்றார்கள். கோவிலுக்கு வந்த பொம்பளைக்கே இல்லையா என்று கேட்டேன். அதற்கு அந்த ஆள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, சொல்லுங்க சார் என்றான். இந்த ‘சொல்லுங்க சார்’ என்ற வார்த்தையை ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டாலும் உடம்பு எரியும்.

ஹோட்டலில் இட்லி கேட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரில் வெல்லம் எதற்கு என்று கேட்டேன். எல்லாரும் நல்லா கீதுன்னுதான் சொல்றாங்க என்றான் பரிமாறினவன். அவன்மேல் தப்பில்லை. அன்றைக்கு என் நாக்குக்கு எதுவுமே பிடித்திருக்காது. மீன் இல்லாத சாப்பாட்டை நான் சாப்பாடென்று ஒத்துக்கொள்வதுமில்லை.

சரவணப் பொய்கைக் கரையில் குப்பத்து ஜனங்களைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அஞ்சலையின் குரல் கூட்டத்துக்கு மேலே கேட்டது. கடற்கரையில் அலைச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். நாலைந்து நாளாக வெறுங்காலில் நடந்து வந்திருந்தார்கள். கால் எல்லாம் கொப்புளம். வரிசையாகக் காவடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காவடியிலும் பூவுக்கு நடுவே ஒரு மஞ்சள் பலகை. போதாததற்கு அவர்கள் பலகை மேல் இன்னும் மஞ்சள் அரைத்துப் பூசி, பெரிய பொட்டாகக் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் சாமான் சாமியாகி உட்கார்ந்திருந்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை. நேரே போய் ஒரு பலகையில் கை வைத்தேன். தேசப்பன் என் கையைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான், எனக்கும் அவனுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாளாக நான் வந்து கேட்டுக் கேட்டுப் போனேனே, மஞ்சள் பலகை வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். பொய்கைக் கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். “வெள்ளைப் பலகைன்னு சொன்ன. வெள்ளைப் பலகைதான் பாத்துகினு இருந்தோம். மஞ்சளா வந்தா அது சாமியோடது. எங்க மேல இன்னா தப்பு கீது டீச்சர்?” என்றாள். அவளும் கோபமாகத்தான் கேட்டாள். அவர்கள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். முருகனையே நீ என்கிறவர்கள் என்னை நீ என்றால் எனக்கென்ன குறை.

அவர்கள்மேல் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். கத்துவதற்கு வேறு ஆள் பக்கத்தில் இல்லை. பலகையைக் கொடுங்கள், இப்போதே கொடுங்கள் என்றேன். தேசப்பன் மாட்டேன் என்றான். இது யாரோ ஒருத்தன் உயிர், தோளில் ஏற்றின பிறகு மலைக்குப் போகாமல் இறக்கிக் கொடுத்தால் அவன் கதி என்ன ஆவது என்று கேட்டான். அப்படி எவனும் இல்லை என்றேன். கடலில் மாட்டிக்கொண்டவன் எவனும் இதை விடவில்லை, என் அதிகாரிதான் படகில் போய் விட்டார், குழாய்த் தண்ணீர் எந்தக் கரைக்குப் போகும் என்று பார்க்க விட்டார், இது முழுக்க உங்கள் கரைக்குத்தான் வந்திருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன்.

தேசப்பன் காவடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலைதான் கேட்டாள்.

“அப்ப மாட்டிகினது நாங்கதானா?”

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை அறிக்கை போகிறதைச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். கண்டெடுத்தவர்களே கையில் கொண்டுவந்து கொடுத்தால்தான் எழுதுவேன் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிற பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலைத் தண்ணீர் முகத்துவாரத்துக்குள் நுழைந்தால் முதலில் போகிறது அவர்கள் சோறு. அஞ்சலையின் கூடையும் அதோடு சேர்ந்து போகும்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரலாமென்றால் அந்த வாட்ச்மேன் இருக்கிறானே என்றாள் ஒருத்தி. அதிகாரி இந்த ஊரிலேயே இருக்கிறார், ஜீப்பை என் கண்ணால் பார்த்தேன், நாளைக்கு மலைக்கு வருவார் என்றேன். அஞ்சலை ஒரு நிமிஷம் யோசித்தாள். மலைக்குப் போகாமல் எதுவும் கிடையாது, வேண்டுதல் யாருடையதாக இருந்தாலும் முதலில் சாமி பார்க்கட்டும் என்றாள். அப்புறம் என்று கேட்டேன். சாமி பார்த்த பிறகு யார் கையிலாவது கொடுத்துத்தானே ஆகணும் என்றாள்.

அன்று அவர்களோடுதான் படுத்துக்கொண்டேன். சேலையை விரித்து எனக்கு இடம் விட்டார்கள். எந்த லாட்ஜிலும் அவ்வளவு நல்ல தூக்கம் வந்திருக்காது.

கிருத்திகை அன்று காலையில் பொய்கையில் முழுகிவிட்டு, ஈரத் துணியோடு காவடியைத் தூக்கினார்கள். பம்பைச் சத்தம், அரோகராச் சத்தம், காலடியில் கசங்கிய பூ. படிக்கட்டில் மனிதர்கள் ஏறவில்லை, பிதுங்கினார்கள். காலில் கொப்புளத்தோடு தேசப்பன் ஆடிக்கொண்டே ஏறினான். எனக்கு ஒரு பாரமும் இல்லை, செருப்பைக் கழற்றியதைத் தவிர ஒரு தியாகமும் செய்யவில்லை, ஆனாலும் பாதி மலையில் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு படியிலும் அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒன்று கழன்று விழுந்து யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்கு உயிரே இல்லை. பக்கத்தில் ஏறிய ஒரு கிழவர், பார் எவ்வளவு பக்தி என்று என்னைக் காட்டித் தெலுங்கில் யாரிடமோ சொன்னார்.

பாதி வழியில் மலைப்பாதையில் ஜீப் ஏறிப்போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும் அது எந்த ஜீப் என்று.

மேலே சன்னிதிக்கு எதிரே ஒவ்வொரு காவடியாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தேசப்பன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. யாரோ முகம் தெரியாதவனுக்காக அழுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, மாட்டிக்கொண்டவன் முகம் அவனுக்கு இப்போது தெரியும். அஞ்சலை என்ன வேண்டிக்கொண்டாளோ, உதடு மட்டும் அசைந்தது. நானும் கும்பிட்டேன். எனக்கு வேண்டிக்கொள்ள வரவில்லை, சண்டைதான் வந்தது. நீயும் பார்த்தாய், எல்லாம் இந்தக் கரைக்குத்தான் வந்தது, சாட்சி சொல்ல உனக்கு வாய் இல்லாவிட்டால் போகட்டும், அந்த ஆளை இங்கிருந்து நழுவ மட்டும் விடாதே என்றேன்.

பலகைகளைக் காவடியிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தோடு மேலே வந்திருந்த பரதேசிகள் இரண்டு பேர், வழக்கம் தெரிந்தவர்கள், உடனே கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். “இந்த வருசம் இல்ல சாமி. இதுக்கு ஆளு கீது” என்று அஞ்சலை ஒதுங்கி நடந்தாள்.

ஜீப் நின்ற இடத்துக்கு எதிரே போய் வரிசையாக நின்றோம். வெயிலில் நின்றோம். சிறப்பு தரிசனத்துக்குப் போனவர் அவசரப்படாமல் வந்தார். வெற்றுடம்பில் பட்டையாக விபூதி, கையில் பிரசாதத் தட்டு, பக்கத்தில் மனைவி. குப்பத்து ஜனங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருமுறையாவது நேரே முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும். ஓரமாக ஒரு மண்டபத் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற என்னையும் அவர் கவனிக்கவில்லை.

அஞ்சலை முன்னால் போனாள். இரண்டு கையிலும் பலகை. மஞ்சள், குங்குமம், சாமிக்குக் காட்டிய மாலை. “சாமி பாத்த பொருளு சார். வாங்கிக்கங்க” என்றாள். அவள் வாயிலிருந்து யாருக்கும் ‘ங்க’ வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தட்டை மனைவியிடம் கொடுத்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் பலகையை வாங்கினார். கண்ணை மூடி, இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவர் பக்தியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணைத் திறந்து, “யார் வேண்டுதல்மா?” என்று கேட்டார்.

கேட்கக் கூடாத கேள்வி. தேசப்பன் அக்காளைப் பார்த்தான்.

“உங்களுதுதான் சார்” என்றாள் அஞ்சலை. “நம்பரு போட்டு நீங்க உட்டீங்க. எங்க கரைக்கு வந்துது.”

முந்தானையால் அவள் குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் சிவப்பு எண் தெரிந்தது. அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம்தான் தூணுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக இன்னொரு தடவைகூடக் கனகம்மாசத்திரத்தில் வெயிலில் உட்காரலாம். கீழே வைக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. சாமி பார்த்த பொருள், கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றியாகிவிட்டது. அதற்குள் தேசப்பன் இரண்டாவதை நீட்டினான். அவனுக்குப் பின்னால் இறால்காரப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, சாமி பொருள் சார், சாமி பொருள் சார் என்று அடுக்கினார்கள். மோவாய் வரைக்கும் அடுக்கு உயர்ந்தது. தரிசனத்துக்கு வந்த ஜனங்கள் இது ஏதோ பெரிய மனிதருக்கு நடக்கிற மரியாதை என்று நினைத்து அரோகரா போட்டார்கள்.

“என் கைக்கு வரட்டும்னு நீங்கதான் சார் சொன்னீங்க” என்றேன்.

அவர் மனைவிதான் விஷயம் என்ன என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன், இரண்டே வாக்கியத்தில். அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. இனிமே வரலேன்னு எழுதினீங்கன்னா இந்த மலைக்கு நான் உங்களோட வரமாட்டேன்” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் அத்தனை சத்தம் போட்டும் ஆகாதது அதில் ஆகிவிட்டது.

பலகைகளைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் ஜீப்பின் பின் சீட்டில் வரிசையாக உட்காரவைத்தார்கள். போகும்போது அந்த அம்மாள் என்னையும் ஏறச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே சென்னைக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் டைப்பிஸ்ட் பக்கத்தில் நின்றேன். பழைய தாளில் ‘எதுவும் வந்து சேரவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, அவர் கையாலேயே குப்பத்தின் பெயரையும் எண்களையும் எழுதியிருந்தார். குழாய் இந்த இடத்தில் போடுவது உகந்ததல்ல என்றும் எழுதியிருந்தார். மனது குளிர்ந்தது. அடுத்த வரியைப் படித்ததும் கொதித்துவிட்டது. மேற்படிப் பலகைகள் அதிகாரியின் நேரடி முயற்சியால், விடுமுறை நாளிலும் பாராமல், திருத்தணி வரை சென்று சேகரிக்கப்பட்டன.

அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு சாயங்காலமே குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைப் படித்துக் காட்டினேன். நடந்து கொப்புளம் வாங்கினது நீங்கள், அலைந்தது நான், பெயர் அவருக்கா என்று கத்தினேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் வருமா வராதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இங்கே வராது என்றேன்.

“பேரு அவனுக்குப் போவட்டும் டீச்சர்” என்றாள். “கரை நம்முது. குந்து, கொயம்பு கொதிக்குது.”